தையல் மெஷின் கடைசியில் வரட்டும்: டர்பனில் பெண்களுக்கான தொழில் குழு தொடங்க முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து மாதர் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் பேச்சைத் தொடங்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: "பத்து தையல் மெஷின் கொடுக்க ஒருத்தர் முன்வந்திருக்கிறார். எப்போது வகுப்பு ஆரம்பிக்கலாம்?" மெஷின்களை இப்போதைக்கு அவரிடமே வைத்திருக்கச் சொல்லுங்கள் என்பதுதான் என் பதில்.

மெஷின் வந்த மறுவாரமே வகுப்பு தொடங்கினால் என்ன ஆகும் என்று இங்கே பல ஹால்களில் பார்க்கலாம். முதல் மாதம் கூட்டம். மூன்றாம் மாதம் பாதிப்பேர் இல்லை. வருடக் கடைசியில் மூலையில் போர்வை மூடிய மெஷின்கள். "நம் பெண்களுக்கு ஆர்வம் இல்லை" என்று கமிட்டி முடிவு கட்டிவிடும். அந்தத் தீர்ப்பு அநியாயமானது. நின்றுபோனவர்களிடம் போய்க் கேட்டால் தெரியும்: குழந்தையை விட ஆளில்லை, டாக்ஸிக்கு (இங்கே பலர் சேர்ந்து போகும் மினிபஸ்) காசில்லை, தைத்ததை வாங்க யாருமில்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் பயிற்சி ஆறாவது படியாகத்தான் வரும். வரிசையை மாற்றாதீர்கள். ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வழிவிடுவதற்காகவே அந்த இடத்தில் இருக்கிறது. இதில் உள்ள அரசுத் தொகைகள் 2025ஆம் ஆண்டுக்கானவை. அவை ஆண்டுதோறும் மாறக்கூடியவை, ஆகவே பெண்களிடம் சொல்லும் முன் அந்த ஆண்டின் தொகையைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று பேர் வேண்டும். தைக்கச் சொல்லித் தர ஒருவர், கணக்கு எழுத ஒருவர், பெண்களோடு கூடவே ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் நடக்க ஒருவர். மூன்றாமவரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஆனால் குழு நிலைப்பதும் நிலைக்காததும் அவர் கையில்தான் இருக்கிறது.

மூவரில் ஒருவருக்காவது சூலு மொழி பேச வர வேண்டும். சாட்ஸ்வொர்த் ஃபிளாட்டுகளில் நம்மவர்கள் இருக்கிறார்கள். பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியில் பெரும்பாலும் ஆப்பிரிக்கப் பெண்கள். ஒரே ஸ்டாப்பில் நின்று ஒரே டாக்ஸி பிடிப்பவர்களை இரண்டு குழுவாகப் பிரிப்பதில் ஒரு நியாயமும் இல்லை. இருவர் வறுமையும் ஒரே மாதிரி இல்லாவிட்டாலும் தடைகள் ஏறக்குறைய ஒன்றே.

இடம் கோயில் ஹால் என்றால், எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, சாவி யாரிடம் என்பதை கமிட்டியிடம் எழுத்தில் வாங்குங்கள். ஆடிக் கூழ், புரட்டாசி, கல்யாண முகூர்த்தம் என்று ஹால் கைமாறும் நாட்களையும் அப்போதே குறித்துவிடுங்கள். பூட்டிய கதவைப் பார்த்து இரண்டு முறை திரும்பிப்போனவர் மூன்றாம் முறை டாக்ஸிக்குச் செலவழிக்க மாட்டார்.

நன்கொடை தர வருபவரிடம் மெஷினுக்குப் பதிலாக ஆறு மாத டாக்ஸிக் காசும், பால், ரொட்டி, நூல் செலவும் கேளுங்கள். கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். மெஷின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், டாக்ஸிக் காசோடு எடுத்துக்கொள்ள முடியாது என்பதால் சிலர் தயங்குவார்கள். காரணத்தைப் பொறுமையாக விளக்கினால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்.

2. வீடு வீடாகப் போய் நேரத்தைக் கேளுங்கள்

"உங்களுக்கு என்ன தொழில் கற்க ஆசை?" என்று கேட்டால், எதைச் சொன்னால் நமக்குப் பிடிக்குமோ அதைச் சொல்வார்கள். உதவி செய்ய வந்தவரின் மனம் கோணாமல் பேசுவது ஏழைப் பெண்களுக்கு வாழ்க்கை கற்றுத்தந்த பழக்கம். ஆகவே முதல் கேள்வி நேரத்தைப் பற்றியதாக இருக்கட்டும்.

கேட்க வேண்டியவை: காலையில் எத்தனை மணிக்கு வீட்டை விட்டு வெளியே வர முடியும்? எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும்? பள்ளிக்குப் போகாத குழந்தைகள் எத்தனை? படுக்கையில் இருக்கும் மாமியாரோ அப்பாவோ உண்டா? ஹாலுக்கு வர எத்தனை டாக்ஸி மாற வேண்டும்? போன் உங்கள் கையில் இருக்கிறதா, வீட்டுக்காரர் கையிலா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. வகுப்பு நேரம் மாறினால் வாட்ஸாப்பில் சொல்லிவிடலாம் என்று நினைப்போம். போன் வேறொருவர் கையில் இருந்தால் செய்தி அவருக்குப் போய்ச் சேராது. அப்படிப்பட்டவருக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒருவரைத் தொடர்பாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்களை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தால் வகுப்பு நேரம் தானாகத் தெரியவரும். பெரும்பாலும் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டபின், ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை. மாதத்தின் முதல் வாரத்தில் கிராண்ட், அதாவது அரசு உதவித்தொகை, வாங்கும் நாட்களில் வகுப்பு வைக்காதீர்கள். அன்று வரிசையில் நிற்பதும், கடன் அடைப்பதும், சாமான் வாங்குவதும் அவர்களுக்கு முழுநாள் வேலை.

ஒரு வீட்டுக்கு ஒரே தடவை போய்விட்டு முடிவெடுக்க வேண்டாம். முதல் தடவை வீட்டு ஆண்களும் கூட உட்கார்ந்திருப்பார்கள். உண்மையான பதில் இரண்டாம் தடவை, துணி காயப்போடும் இடத்தில் கிடைக்கும்.

3. காகிதங்களைச் சரி செய்யுங்கள்

இந்தப் படிக்கு அதிக நாள் ஒதுக்குங்கள். பத்துப் பேர் சேர்ந்தால் அவர்களில் சிலருக்காவது அடையாள அட்டை தொலைந்திருக்கும், பிள்ளையின் பிறப்புப் பதிவு விட்டுப்போயிருக்கும், அல்லது முகவரிச் சான்று இருக்காது. இவை இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை. கணக்கு இல்லாமல் சம்பாதித்த பணத்தை அவர் பெயரில் வைக்க வழியில்லை.

தொலைந்த அடையாள அட்டைக்கு மறு அட்டை வாங்க உள்துறை அலுவலகத்தில் 140 ராண்ட் கட்ட வேண்டும். முதன்முதலாக எடுப்பவருக்கு இலவசம். பலர் வருடக்கணக்கில் அட்டை இல்லாமல் இருப்பதற்குக் காரணம் அந்த 140 ராண்டும் ஒருநாள் டாக்ஸிச் செலவும்தான். அதைக் குழு கொடுத்துவிடலாம்.

குழந்தை பிறந்து 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். தாண்டிவிட்டால் கூடுதல் சான்றுகள் கேட்பார்கள். ஆஸ்பத்திரி அட்டை, தடுப்பூசிப் புத்தகம் என்று இருப்பதையெல்லாம் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோகச் சொல்லுங்கள். கூட ஒருவர் போங்கள். கவுண்டரில் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவர் மறுபடி போவது அரிது.

குடிசைப் பகுதியில் இருப்பவருக்குத் தண்ணீர் பில்லோ மின் பில்லோ இருக்காது. வார்டு கவுன்சிலர் கையெழுத்திட்ட கடிதத்தை முகவரிச் சான்றாகப் பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். நாலைந்து பேருக்குச் சேர்த்து ஒரே நாளில் வாங்கிவிடலாம்.

இனி கிராண்ட். இந்தக் கேள்வியை அவர்கள் கூட்டத்தில் கேட்க மாட்டார்கள். எல்லோரும் எழுந்து போனபிறகு ஒருவர் தயங்கி நிற்பார். "அக்கா, தையல்ல காசு வந்தா புள்ளையோட கிராண்ட் நின்னுடுமா?" இந்தப் பயத்துக்குச் சரியான பதில் சொல்லாமல் விட்டால், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்.

பதில் இது. குழந்தை ஆதரவு கிராண்ட் 2025 ஏப்ரலில் மாதம் 560 ராண்டாக இருந்தது. அதற்கான வருமான வரம்பு அந்தத் தொகையின் பத்து மடங்கு: 2025 கணக்கில் தனியாக வளர்ப்பவருக்கு மாதம் 5,600 ராண்ட், கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து 11,200 ராண்ட். தையலில் ஆரம்ப நாட்களில் கிடைக்கும் காசு இந்த வரம்பைத் தொடாது. ஆகவே பயப்பட வேண்டாம் என்று எண்ணோடு சொல்லுங்கள்.

ஆனால் வருமானம் இல்லாத பெரியவர்களுக்கான, 2025இல் மாதம் 370 ராண்டாக இருந்த எஸ்.ஆர்.டி. உதவித்தொகைக்கு விதி வேறு. அதற்கு வருமான வரம்பு 624 ராண்ட் மட்டுமே. இந்த உதவித்தொகைகளைக் கொடுக்கும் அரசு நிறுவனமான சாஸா வங்கிக் கணக்கில் விழும் பணத்தையும் பார்க்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: குழுவின் துணிக் காசையோ ஆர்டர் முன்பணத்தையோ எந்த உறுப்பினரின் சொந்தக் கணக்கிலும் போடாதீர்கள். "உன் கணக்குல போடுறேன், நீ துணி வாங்கிட்டு வா" என்று நல்ல எண்ணத்தோடு செய்வது அவருடைய அடுத்த மாத உதவித்தொகையைப் பறித்துவிடக்கூடும். வருமானம் அந்த வரம்பைத் தாண்டும் மாதம் வரும்போது அதை மறைக்கச் சொல்லவும் கூடாது. எஸ்.ஆர்.டி. போனாலும் கையில் எவ்வளவு மிஞ்சும் என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும்.

4. வாங்குபவரை முதலில் பிடியுங்கள்

என்ன கற்றுக்கொடுப்பது என்பதை வாங்குபவர்தான் தீர்மானிக்க வேண்டும். யாரும் கேட்காத கைப்பை, தலையணை உறை என்று தைத்து அடுக்கினால் முதல் கண்காட்சியில் உறவினர்கள் இரக்கத்துக்காக வாங்குவார்கள். இரண்டாம் மாதம் இரக்கம் தீர்ந்துவிடும்.

இந்தப் பக்கத்தில் நிலையாக ஓடுபவை நான்கு. முதலாவது திருத்தல் வேலை: பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கிழிந்த பையைத் தைப்பது. இரண்டாவது சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பதும் ரவிக்கை தைப்பதும். மூன்றாவது தைப்பூசம், பங்குனி உத்திரக் காவடிக்கு மஞ்சள் துணி, பாவாடை, வேட்டி ஓரம் அடித்தல். நான்காவது பள்ளிச் சீருடை.

இவற்றில் பெரியது சீருடை. தென்னாப்பிரிக்காவில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. பெற்றோர் நவம்பரிலிருந்து ஜனவரி வரை வாங்குவார்கள். ஆகவே பள்ளி நிர்வாகக் குழுவிடம் ஜூலை, ஆகஸ்டிலேயே போய்ப் பேச வேண்டும். சீருடை எது என்று முடிவு செய்வது அந்தக் குழுதான். நவம்பரில் போனால் அடுத்த ஆண்டுக் கடிதம் ஏற்கெனவே பெற்றோர் கைக்குப் போயிருக்கும்.

"எங்களுக்கு ஏற்கெனவே ஒரு கடை இருக்கிறது" என்பார்கள். பள்ளிகள் ஒரே விற்பனையாளரோடு பெற்றோரைக் கட்டிப்போடுவதை இந்த நாட்டின் போட்டி ஆணையம் வெளிப்படையாகவே எதிர்த்துவருகிறது. சண்டைக்குப் போக வேண்டாம். சின்னம் வைத்த பிளேசரை அந்தக் கடைக்கே விட்டுவிடுங்கள். சாம்பல் பாவாடை, வெள்ளைச் சட்டை போன்ற சின்னம் இல்லாத பொது உடைகளை மட்டும் கேளுங்கள். தைத்த மாதிரி ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். மாதிரியைப் புரட்டி உள்பக்கத் தையலைப் பார்க்கும் ஓர் ஆசிரியையாவது அந்தக் குழுவில் இருப்பார். அவரிடம்தான் பேச வேண்டும்.

வார இறுதியில் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் திருத்தல் வேலைக்கு நல்ல கிராக்கி உண்டு. கடை போட அனுமதி யாரிடம் வாங்குவது என்று முதலில் விசாரித்துவிட்டே மேஜையைத் தூக்குங்கள்.

5. பிள்ளையும் டாக்ஸியும்

ஹாலின் ஒரு பக்கத்தில் பாய் விரித்துக் குழந்தைகளுக்கு இடம் ஒதுக்குங்கள். பார்த்துக்கொள்ள குழுவிலேயே ஒருவரை வையுங்கள். அவருக்கும் அன்று தைத்தவருக்குக் கொடுப்பது போலவே காசு கொடுக்க வேண்டும். இலவசமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் எப்போதும் குழுவில் பேச்சு குறைந்த பெண் தலையிலேயே அந்த வேலை விழும். அவர் தையல் கற்காமலே போய்விடுவார்.

ஓர் எச்சரிக்கை. பெற்றோருக்காக ஆறு பேருக்கு மேல் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தை 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டும். அதனால் ஒரு வகுப்பில் ஆறு குழந்தைக்கு மேல் சேராதபடி பெண்களை இரண்டு நாட்களாகப் பிரியுங்கள். ஊசி, கத்திரி, இஸ்திரிப்பெட்டி இருக்கும் ஹாலில் அதற்கு மேல் குழந்தைகள் இருப்பதும் ஆபத்து.

டாக்ஸிக் காசை அன்றன்று கையில் கொடுங்கள். மாதக் கடைசியில் சேர்த்துத் தருகிறோம் என்றால், இன்று வருவதற்கே காசில்லாதவர் எப்படி வருவார்?

6. பயிற்சி: வெட்டுவது கடைசியில்

இப்போது மெஷின்களை வரவழைக்கலாம். பத்து வேண்டாம். பன்னிரண்டு பேருக்கு ஆறு போதும், அவற்றோடு துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓர் ஓவர்லாக் மெஷின். ஒரு மெஷினுக்கு இருவர். முடிந்தால் தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருவரும் சூலு பேசும் பெண் ஒருவரும். ஒருவர் தைக்கும்போது மற்றவர் துணியைத் தாங்கிப் பிடிப்பார். ஒருவர் விட்ட பிழையை மற்றவர் பார்த்துச் சொல்வார். தனித்தனியாக உட்காரவைத்தால் அவரவர் மக்களோடு ஒதுங்கிவிடுவார்கள்.

இனாமாக வரும் பழைய மெஷின்களை ஏற்கும் முன் ஓட்டிப் பாருங்கள். ஊசி, பாபின் கடையில் கிடைக்காத மாடல் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒன்றாவது கால்மிதி மெஷினாக இருக்கட்டும். கரன்ட் போகும் நாளில் வேலை நிற்காது. ஃபிளாட்டில் முன்பணம் கட்டும் மின் மீட்டர் வைத்திருப்பவர் வீட்டுக்கு எடுத்துப்போகவும் அதுவே ஏற்றது.

கற்றுக்கொடுக்கும் வரிசை இப்படி:

முதலில் மெஷினைத் திறந்து பஞ்சு துடைக்க, எண்ணெய் விட, ஊசி மாற்ற, பாபின் சுற்ற. இந்த வகுப்பு முடியும் வரை துணி தொட வேண்டாம். மெஷினைப் பார்த்துப் பயப்படும் பெண் அது ஒரு தடவை நின்றால் தான்தான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக் கையை எடுத்துவிடுவார். தானே திறந்து மூடியவருக்கு அந்தப் பயம் வராது.

அடுத்து நூல் கோக்காமல், பிள்ளைகளின் பழைய கோடுபோட்ட நோட்டுத் தாளில் ஓட்டுவது. கோட்டின் மேலேயே ஊசி போக வேண்டும். புதியவர் மிதியை முழுதாக அழுத்துவார். முதல் கோட்டில் துளைகள் ஒழுங்காகப் போகும், மூன்றாம் கோட்டில் வேகம் பிடித்து வரியை விட்டு ஓடிவிடும். தாளை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் எந்த இடத்தில் கால் அழுத்தியது என்று அவருக்கே தெரியும். நாம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அடுத்த தாளில் பாதத்தை நுனியில் வைத்து ஓட்டுவார். நேர்கோடு வந்தபின் வளைவு, அதன்பின் மூலை திருப்புவது. தாளுக்குத் தனியாக ஒரு பழைய ஊசி வையுங்கள், தாள் ஊசியை மழுக்கிவிடும்.

மூன்றாவது, பிரித்தல். பழைய பாவாடை ஒன்றை முழுதாகப் பிரித்து மறுபடி தைக்கச் சொல்லுங்கள். ஓர் உடை எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பது பிரிக்கும்போதுதான் புரியும்.

நான்காவது, திருத்தல் வேலை. பட்டி மடித்து அடிப்பது, ஜிப் மாற்றுவது, பட்டன், காஜா. இங்கே வந்தவுடன் காசு வாங்கி வேலை செய்யத் தொடங்கலாம். முதல் காசு சீக்கிரம் கைக்கு வருவது முக்கியம். வீட்டில் "அங்கே போய் என்ன பிரயோஜனம்" என்று கேட்பவருக்கு அதுவே பதில்.

ஐந்தாவது பாவாடை, ஆறாவது சட்டை, ரவிக்கை. அளவெடுப்பதும் துணி வெட்டுவதும் எல்லாவற்றுக்கும் பின்னால். தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம். வெட்டு கோணினால் துணி போயிற்று. புதிதாகச் சொல்லித் தருபவர்கள் அளவெடுப்பதில் தொடங்குவது வழக்கம், புத்தகங்களில் அப்படித்தான் இருக்கிறது. இரண்டாம் வாரத்திலேயே ஒருவர் இரண்டு மீட்டர் துணியைப் பாழாக்கிவிட்டு, வெட்கத்தில் வராமல் நின்றுவிடுவார். ஆரம்ப மாதங்களில் ஒருவர் மட்டும் எல்லோருக்கும் வெட்டிக் கொடுக்கட்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் இருப்பார். அளவு நோட்டில் சொல்லுக்குப் பதில் படம் வரைந்து எண் எழுதுங்கள். எண் எல்லோருக்கும் தெரியும், கடைக்குப் போய்ச் சாமான் வாங்குபவர்கள்தானே.

7. விலை போடுவது

அதிகமானோர் சறுக்கும் இடம் இது. துணி விலையோடு கொஞ்சம் சேர்த்துச் சொன்னால் சரி என்று நினைக்கிறார்கள். பிள்ளைப் பாவாடை ஒன்றுக்கு ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். உங்கள் ஊர் விலையை இதில் வைத்துக்கொள்ளுங்கள்.

துணி 54 ராண்ட். ஜிப், பட்டன், நூல் 12. கரன்டும் மெஷின் பராமரிப்பும் 5. வீணாகும் துணிக்கு 3. துணி வாங்கப் போய்வரும் செலவில் இந்தப் பாவாடையின் பங்கு 6. ஆக 80 ராண்ட். உழைப்பு இன்னும் வரவில்லை.

ஒன்றரை மணி நேர வேலை என்று வையுங்கள். 2025 மார்ச்சில் நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது. அப்படியானால் 43 ராண்ட். மொத்தம் 123. குழுவின் சேமிப்புக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 135.

புதிய குழுக்கள் இந்தப் பாவாடைக்கு 80 ராண்ட் சொல்லும். உடனே ஆர்டர் குவியும், இரவெல்லாம் தைப்பார்கள், கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாது. தன் ஒன்றரை மணி நேரத்துக்கு விலை உண்டு என்று சொல்ல வாழ்நாள் முழுதும் வீட்டுவேலை செய்த பெண்ணுக்கு வாய் வராது. அதனால் இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தன் கையால் ஒருமுறை எழுத வேண்டும். நாம் எழுதிக் காட்டினால் போதாது.

பெரிய கடையில் சீருடை இதைவிட மலிவாகக் கிடைத்தால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள், விலையைக் குறைக்காதீர்கள். திருத்தல் வேலைக்கும் ரவிக்கைக்கும் பெரிய கடை போட்டிக்கு வராது.

துணி வாங்க டர்பன் நகரத்தில் பழைய கிரே ஸ்ட்ரீட், இப்போதைய டாக்டர் யூசுஃப் டாடூ ஸ்ட்ரீட் பக்கம் போகும்போது உறுப்பினர் இருவரை மாற்றி மாற்றி அழைத்துப் போங்கள். பேரம் பேசவும், துணியைத் தொட்டுத் தரம் பார்க்கவும் அங்கேதான் பழக முடியும்.

8. முதல் சம்பளத்துக்கு முன்: வீட்டில் பிரச்சினை வந்தால்

பெண் கையில் காசு வரும் வாரத்தில் சில வீடுகளில் சண்டை வெடிக்கும். காசைப் பிடுங்குவது, போனை உடைப்பது, அடிப்பது. அது நடந்தபின் யோசிக்காமல் முதல் சம்பளத்துக்கு முன்பே எல்லோரிடமும் பொதுவாகச் சொல்லிவையுங்கள். யாரையும் தனியாக அழைத்துச் சொன்னால் அவர் வீட்டுக் கதை வெளியே வந்ததாக நினைப்பார்.

சொல்ல வேண்டியவை: 1998ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனைவியின் சம்பாத்தியத்தைப் பறிப்பதும் பொருளாதார வன்முறை என்றே இருக்கிறது, அடித்தால்தான் வழக்கு என்று இல்லை. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு ஆணைக்கு மனுப்போடக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. சாட்ஸ்வொர்த்திலேயே அந்தக் கோர்ட் இருக்கிறது. பாலின வன்முறை உதவி எண் 0800 428 428, இருபத்து நான்கு மணி நேரமும். இலவச சட்ட உதவிக்கு 0800 110 110. பிள்ளைக்குச் செலவு தராத தந்தை மீது ஜீவனாம்சம் கேட்பதும் கோர்ட்டில் இலவசம்.

எண்களை அட்டையில் அச்சடித்துக் கொடுக்காதீர்கள். பையில் அட்டை கிடைத்தாலே அடி விழும் வீடுகள் உண்டு. ஹாலில் பெண்கள் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

நம் சமூகத்தில் "வீட்டு விஷயம், பெரியவர்கள் பேசித் தீர்க்கலாம்" என்று சொல்ல ஆள் உண்டு. கோயில் கமிட்டியில் அந்தக் கணவரின் சித்தப்பாவே உட்கார்ந்திருக்கலாம். சமரசம் பேசுவது குழுவின் வேலை இல்லை. கோர்ட்டுக்குப் போக அந்தப் பெண் முடிவெடுத்தால், முதல் படியில் சொன்ன அந்த மூன்றாமவர் கூடப் போக வேண்டும். அந்தப் பெண் இன்னும் முடிவெடுக்கவில்லை என்றால் வகுப்பில் அவர் இடம் அவருக்காகவே காலியாக இருக்க வேண்டும், எத்தனை வாரம் வராவிட்டாலும்.

9. பணமும் பதிவும்

ஆரம்ப ஆறு மாதத்துக்குப் பதிவு ஒன்றும் வேண்டாம். பதிவுக்கு அலைந்தே ஓய்ந்துபோன குழுக்கள் உண்டு. ஸ்டாக்வெல் போன்ற சேமிப்புக் குழுக்களுக்கான கணக்கு இங்குள்ள பெரிய வங்கிகளில் இருக்கிறது. எழுதிய விதிமுறை ஒன்றும், கையெழுத்துப் போடும் மூவரின் அடையாளமும் முகவரிச் சான்றும் இருந்தால் திறக்கலாம். மூன்றாம் படியில் பட்ட பாடு இங்கே பலன் தரும். சூலு பெண்கள் பலர் ஏற்கெனவே ஸ்டாக்வெல் நடத்தியவர்கள். பொருளாளர் வேலையை அவர்களிடம் கேட்டுக் கொடுங்கள்.

கையெழுத்துப் போடும் மூவரில் இருவராவது உறுப்பினர்களாக இருக்கட்டும். கமிட்டிக்காரர்கள் மட்டுமே கையெழுத்துப் போட்டால் அது அவர்கள் பணம், இவர்கள் கூலிக்காரர்கள் என்றாகிவிடும்.

பிறகு பதிவு செய்யும்போது எந்தப் பெட்டியில் விழுகிறோம் என்று பாருங்கள். 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி லாப நோக்கில்லாத அமைப்பாகப் பதிவு செய்தால் மிஞ்சும் பணத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது, செய்த வேலைக்கு நியாயமான கூலி மட்டும் கொடுக்கலாம். நன்கொடை வாங்கிப் பயிற்சி நடத்தும் அமைப்புக்கு அது சரி. வருமானத்தைப் பங்கிட வேண்டிய குழுவுக்குக் கூட்டுறவுச் சங்கமே ஏற்றது. 2005ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டப்படி குறைந்தது ஐந்து பேர் வேண்டும். உபரியில் ஐந்து சதவீதமாவது பங்கிடாத சேமிப்பு நிதிக்குப் போக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு முதல் வகையில் பதிந்துவிட்டு, ஆண்டு முடிவில் பங்கு கேட்கும் பெண்களுக்கு பதில் சொல்ல முடியாமல் தவிக்கும் குழுக்கள் நிறைய.

10. கையை எடுக்கும் முறை

ஒரு சீருடைப் பருவம் முடிந்ததும் பொறுப்புகளைக் கைமாற்றத் தொடங்குங்கள். வெட்டுவது, ஆர்டர் எழுதுவது, துணி வாங்குவது, சாவி என்ற வரிசையில். கணக்கை முதலில் கைமாற்றி, வெட்டுவதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஆசிரியைகள் உண்டு. அப்படிச் செய்தால் அவர் ஊருக்குப் போகும் வாரம் குழு படுத்துவிடும்.

சான்றிதழ் கேட்பவர்கள் இருப்பார்கள். தொழிற்சாலை வேலைக்குப் போக நினைப்பவருக்கு அது நியாயமான ஆசை. ஆடைத் துறைப் பயிற்சிகளுக்கு எஃப்.பி. அண்ட் எம் செட்டா என்ற அரசுத் தொழிற்பயிற்சி அமைப்பு பொறுப்பு. பணம் வாங்கிக்கொண்டு "அரசு அங்கீகாரம்" என்று சொல்லும் தனியார் பயிற்சி நிலையம் எதுவானாலும், அங்கீகாரம் இன்றும் செல்லுமா என்று செட்டாவிடம் கேட்டு உறுதி செய்தபின் சேருங்கள். சங்கமே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழை வேலை தருபவர் மதிக்க மாட்டார் என்பதையும் பெண்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

யாராவது தனியாகக் கடை வைக்கப் போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். அவர் பயன்படுத்திய மெஷினைக் குழு விலை போட்டு மாதத் தவணையில் அவருக்கே கொடுத்துவிடலாம். தவணைக் கணக்கைக் குழு நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதி, கட்டும் ஒவ்வொரு முறையும் இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்.

வங்கியில் கையெழுத்துக்காரர்களை மாற்ற, பழையவர்களும் புதியவர்களும் சேர்ந்து அடையாள அட்டையோடு போவது நல்லது. குழுக் கூட்டத்தில் எடுத்த தீர்மானத்தின் நகலும் கேட்பார்கள், அதை முன்னதாகவே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கிராண்ட் வாரம் இல்லாத ஒரு வேலைநாள் காலையில் போங்கள்.